தர்பூசணி வாசம்

அற்புதத்துக்கு முதலில் சந்தேகம் வந்தது மாவு மேல்தான்.

ஆடி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. அன்னூர்ப் பக்கம் ஆடிக் காற்று அடித்தால் கொடியில் போட்ட சேலையைப் பக்கத்துச் சோளக்காட்டில் போய்த்தான் தேட வேண்டும். அந்தக் குளிருக்கு மாவு பொங்க நேரமாகும். அதனால் விடிந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு அண்டாவையும் திறந்து மோந்து பார்ப்பாள். பதினாலு வருசமாக இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். கை விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இப்போதே பாக்கெட் போடலாமா, இன்னும் ஒரு மணி நேரம் விடலாமா என்று மூக்கே சொல்லிவிடும். அன்றைக்கு மூன்றாவது அண்டாவைத் திறந்தபோது புளிப்புக்கு நடுவில் ஓர் இனிப்பு வாசம் வந்தது. பழ வாசம். ஆனால் பழமும் இல்லை. தர்பூசணியைச் சர்க்கரைப் பாகில் ஊற வைத்து, அதில் கொஞ்சம் கற்பூரத்தையும் போட்டுவிட்டது போல் இருந்தது.

உளுந்தில் எதையோ கலந்து விற்றுவிட்டார்கள் என்று நினைத்தாள். கிரைண்டர் கழுவிய சோப்பாக இருக்குமோ என்றும் நினைத்தாள். சந்தேகப்பட்ட மாவை விற்க மனசு வராமல் அந்த அண்டாவைக் கொண்டுபோய்த் தென்னைமரத்து அடியில் கொட்டினாள். மறுநாள் சோப்பை மாற்றினாள், உளுந்தை மாற்றினாள். வாசம் மறுபடியும் வந்தது. காற்று நின்றால் வாசமும் நின்றது, காற்று வீசினால் வந்தது. அண்ணாந்து பார்த்தாள். கிரைண்டர் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குள் குறுக்கே கட்டிய கயிற்றில், முந்தின நாள் கல்லூரிக்குப் போட்டுப்போன கிறிஸ்டோவின் கறுப்புச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

சட்டையை இழுத்து மூக்கில் வைத்தாள். மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்தது. அந்த நிம்மதி சட்டையைத் திருப்பித் தொங்கவிடும் வரைக்கும்தான் இருந்தது.

கிறிஸ்டோவுக்கு இருபத்தொரு வயது. அன்னூரில் மிஷன் பள்ளியில் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்துவிட்டு, சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருசம் படித்துக்கொண்டிருந்தான். காலையில் ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவான். வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். முன்னெல்லாம் பஸ்ஸில் யார் சண்டை போட்டார்கள் என்பது வரைக்கும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போடுகிற பிள்ளை. ஒரு வருசமாகப் பேச்சு குறைந்திருந்தது. கேட்டால் படிப்பு என்பான். இப்போது அற்புதத்துக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓர் உருவம் வந்தது. பெண் பிள்ளை யாரோ. அவள் போடுகிற செண்டு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது புருசனிடம் சுற்றி வளைத்துச் சொன்னாள். ஞானமுத்து சிரித்தார். அவினாசி ரோட்டில் அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. போர்வெல்லுக்குள் எரிந்துபோன மோட்டார்களைத் தோட்டம் வைத்திருக்கிற விவசாயிகள் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தவிப்பார்கள். கருகிய காயிலை வெட்டியெடுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பார். முப்பது வருசத்து வார்னிஷில் மூக்கு செத்துப்போயிருந்தது. குழம்பு அடிப்பிடித்தால்கூட அவருக்குத் தெரியாது. வயசுப் பையன் செண்டு அடித்தால் தப்பா என்று கேட்டுவிட்டு அரிசிம்பருப்புச் சோற்றில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றிக்கொண்டார்.

அவரை எதிலும் உறுதியான மனுசன் என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஒரு காலத்தில் அவர் விரலிடுக்கில் சிகரெட் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. ஒன்பது வருசத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து படுத்து எழுந்தவர் ஒரே நாளில் விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, கர்த்தர் என்னை இந்தக் கட்டிலிருந்து விடுவித்தார் என்று சாட்சி சொன்னார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அற்புதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சபையில் எந்த வீட்டுப் பையன் புகைத்து மாட்டிக்கொண்டாலும் ஆயர் ஞானமுத்துவிடம்தான் அனுப்பி வைப்பார். சபைக் கமிட்டியிலும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அற்புதம் அதுவரைக்கும் மகனுடைய பையைத் திறந்ததில்லை. அந்த ஞாயிறு அவன் குளிக்கப் போனபோது திறந்தாள். நோட்டுகள், தண்ணீர் பாட்டில், ஒரு டிபன் பாக்ஸ். கால்குலேட்டர் உறைக்குள் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் நீலநிறத்தில் ஒன்று இருந்தது. லிப்ஸ்டிக் அளவு, வழவழவென்று இருந்தது. பென் டிரைவ் என்று நினைத்து வைக்கப்போனவள் மூக்கருகில் கொண்டுபோனாள். அதே வாசம்.

மூத்தவள் கரோலின் கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டிக்கொடுத்து கணபதியில் குடியிருக்கிறாள். அவளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். இரண்டு நிமிசத்தில் போன் வந்தது. கரோலின் எடுத்த எடுப்பில், இது யாருடையது என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாததிலேயே புரிந்துகொண்டாள். இது வேப், மின் சிகரெட், உள்ளே இருக்கிற தண்ணியில் நிகோடின் கலந்திருக்கும், பழ வாசம் போட்டு விற்பார்கள், அரசாங்கம் தடை செய்து பல வருசமாச்சு, ஆனாலும் பசங்க கைக்கு எப்படியோ வந்துவிடுகிறது என்றாள். கடைசியில், அடிக்க வேண்டாம், கத்த வேண்டாம், உட்கார வைத்துப் பேசுங்கள் என்றாள்.

உட்கார வைத்துத்தான் பேசினார்கள். ஞானமுத்து நாற்காலியில் இருந்தார். கிறிஸ்டோ கட்டில் விளிம்பில். நடுவில் ஸ்டூல் மேல் அந்த நீலப் பொருள்.

"இது என்ன கண்ணு?"

கிறிஸ்டோ மறைக்கவில்லை. "வேப்புங்ப்பா."

"அப்படின்னா?"

"ஆவிங்ப்பா. சிகரெட் மாதிரி பொகையெல்லாம் இல்லீங்க."

"இட்லிச் சட்டில வாரதுங்கூட ஆவிதான்" என்றாள் அற்புதம். "அதை நானென்ன கால்குலேட்டருக்குள்ளயா ஒளிச்சு வெக்கறேன்?"

அவன் சொன்னான். இரண்டாம் வருசம் ஆரம்பித்ததாம். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. இடைவேளைக்கு மனோஜ்குமார் செட்டு அங்கேதான் நிற்கும். எல்லாரும் டவுனில் இங்கிலீஷில் படித்த பையன்கள்.

"நானும் போயி நிப்பனுங்ப்பா. அவிங்க பேசறதுக்குச் சிரிப்பேன். எங்கிட்ட ஏதாச்சும் கேட்டா பதில் வராது. தமிழ்ல சொல்றதுக்குள்ள அவிங்க அடுத்த பேச்சுக்குப் போயிருவாங்க. ஒருநாள் மனோஜு இதைக் கைல குடுத்தான். இதை இழுத்துட்டு நின்னா பேசோணும்னு இல்லீங்ப்பா. சும்மா நிக்கலாம். கை எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னுட்டு இருந்தேன், அதுக்கு ஒரு வேலை கெடச்சுது. நானும் அவிங்கள்ல ஒருத்தன் மாதிரி இருந்துச்சு."

பிறகு கம்பெனிகள் ஆள் எடுக்க வந்தன. மூன்று கம்பெனியில் எழுத்துப் பரீட்சை தேறினான். மூன்றிலும் கடைசியில் உட்கார வைத்து இங்கிலீஷில் பேசச் சொல்லும்போது தோற்றான். உள்ளே போவதற்கு முன்னால் பாத்ரூமில் நின்று நாலு இழுப்பு இழுத்தால் கை நடுக்கம் நிற்கும். அப்புறம் இழுக்காவிட்டால் நடுங்க ஆரம்பித்தது.

"இப்ப அது இல்லாம பஸ் ஏற முடியிலீங்ப்பா" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதும் அற்புதத்துக்கு எழுந்துபோய்த் தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது. ஞானமுத்து பேச ஆரம்பித்ததால் போகவில்லை. இருபத்தைந்து வருசப் பழக்கத்தைத் தான் ஒரே நாளில் தூக்கி எறிந்ததை அவர் சொன்னார். மனசு வைத்தால் முடியாதது இல்லை என்றார். சபையில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொற்கள் என்பதால் தடங்கல் இல்லாமல் வந்தன.

"இனி தொட மாட்டேன்னு கர்த்தர் மேல சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ண மாட்டனுங்ப்பா" என்றான் கிறிஸ்டோ. "முடியாமப் போயிருச்சுன்னா என்ன பண்றது? உடப் பாக்கறேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அற்புதத்துக்கு அங்கேதான் மனசு தட்டியது. விடுகிறவன் விடுகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே, எதற்கு இந்த வழவழாப் பேச்சு, திரும்பவும் தொடுவதற்கு இப்போதே வழி வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தாள். ஞானமுத்து அந்தப் பொருளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குக் கடையில் வைஸ் இடுக்கியில் வைத்து நசுக்கிப்போடுகிறேன் என்றார்.

அடுத்த இரண்டு வாரம் கிறிஸ்டோ வேறு ஆள் மாதிரி இருந்தான். தலை வலிக்கிறது என்று படுப்பான். தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்திருப்பான். உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனவன் அரைமணியில் வந்து மன்னிப்புக் கேட்டான். பொரிகடலையும் கடலை மிட்டாயும் பையில் போட்டுக்கொண்டு ஓயாமல் மென்றான். விட்டால் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கரோலின் போனில் சொன்னாள். அற்புதம் பொறுத்துக்கொண்டாள், ஆனால் நம்பவில்லை. சட்டையைத் துவைக்கும் முன்னால் மோந்தாள். பஸ் கால்மணி தாமதமானால் வாசலில் நின்றாள். மொட்டை மாடியில் அவன் இருக்கும்போது துணி எடுக்கிற சாக்கில் ஏறிப்போனாள். ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாவது வாரம் வாசம் திரும்பி வந்தது. இந்த முறை கொல்லைப்புறத்துப் பாத்ரூமில். ஈரத் துண்டு கிடந்த மூலையில் லேசாக, ஆனால் அவள் மூக்குக்குத் தப்பாமல் இருந்தது.

அன்று சாயங்காலம் கிறிஸ்டோ செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். அவன் இல்லை என்றான். மறுபடி கேட்டாள். அவன் பையைக் கவிழ்த்துக் கட்டில் மேல் எல்லாவற்றையும் கொட்டினான். சட்டைப் பை, பேண்ட் பை, கால்குலேட்டர் உறை எல்லாவற்றையும் திருப்பிக் காட்டினான். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்பதாலேயே சந்தேகம் கூடியது. வேறெங்கோ ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

"பாத்ரூமுல வாசம் எப்படி வந்துது கண்ணு? அம்மாகிட்டச் சொல்லு. அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன்."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து ஞானமுத்துவின் வண்டி வாசலில் வந்து நின்றது. கிறிஸ்டோ வாயை மூடிக்கொண்டு நோட்டுகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தான். அப்பனுக்குப் பயப்படுகிறான், அப்படியானால் தப்பு இருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள்.

மகன் தூங்கும்போது அவன் போனிலிருந்து மனோஜ்குமாரின் நம்பரை எடுத்துவைத்து மறுநாள் கூப்பிட்டாள். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். கிறிஸ்டோ இரண்டு வாரத்துக்கு மேலாக பேக்கரிப் பக்கமே வருவதில்லை, எங்களோடு சேருவதும் இல்லை, நாங்களே அவன்மேல் கோபமாக இருக்கிறோம் என்றான். பேசி முடித்தபோது கொஞ்சம் தயங்கி, "அங்கிள் நல்லா இருக்காருங்களாங் ஆன்ட்டி?" என்று கேட்டான். அவரை இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டாளியைக் கூட்டாளி விட்டுக்கொடுக்க மாட்டான், பேச்சை மாற்றுகிறான் என்று போனை வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை கோயமுத்தூரில் பம்ப் செட் செய்கிற கம்பெனி ஒன்றில் கிறிஸ்டோவுக்கு இன்டர்வியூ. அதிகாலையிலேயே எழுந்து அவனுக்குப் பிடித்த சந்தவையை இடியாப்பம் போல் பிழிந்து, தேங்காய்ப் பால் எடுத்து வைத்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவன் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தான். அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டுமென்று கிட்டே போனாள். திறந்திருந்த பாத்ரூம் கதவிலிருந்து அந்த வாசம் வந்தது. அப்போதுதான் ஊதியது போல் கனமாக வந்தது.

"இன்னைக்குக் கூடவா?" என்றாள்.

"நான் இல்லீங்மா."

"நீ இல்லாம? உள்ள இருந்து வந்தது நீயி."

"எனக்கு முன்னால அப்பா..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். முன்வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த ஞானமுத்துவின் முதுகு அங்கிருந்து தெரிந்தது. "நான் இல்லீங்மா. அவ்வளவுதான்."

"அப்பா மேல பழி போடப் பாக்கறயா? ஒம்பது வருசமா அந்த மனுசன் ஒரு டீக்கடைல நின்னதில்ல. உனக்கு வெக்கமா இல்லையா?"

கிறிஸ்டோ அவளை ஒரு நிமிசம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தவையைத் தொடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. அவன் எங்கள் வீட்டில் இருக்கிறான், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கரோலினிடமிருந்து போன் வந்தது.

ஞானமுத்து சத்தம் போடுவார், உடனே போய்க் கூட்டிவருவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. அங்கேயே இருக்கட்டும், காலேஜுக்கும் கிட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறவர் கொஞ்ச நாளாகவே வேலை அதிகம் என்று காலையிலேயே கேரியரில் வாங்கிப்போய்க்கொண்டிருந்தார். அவள் அதைப் பற்றி யோசித்ததில்லை. மழை இல்லாத ஆடியில் போர்வெல் மோட்டார்கள் எரியத்தான் செய்யும்.

செவ்வாய்க்கிழமை படுக்கை விரிப்புகளைத் துவைக்க எடுத்தாள். ஞானமுத்துவின் தலையணை உறையை உருவியபோது காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. தர்பூசணி வாசம்.

அற்புதம் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிறிஸ்டோ வீட்டை விட்டுப் போய் நாலு நாள் ஆகிறது. மகன் வந்து போயிருப்பானோ என்றுதான் அப்போதும் முதலில் நினைத்தாள். பூட்டிய வீட்டுக்கு எப்படி வருவான்? பழைய வாசமோ? உறை ஞாயிறு காலையில் மாற்றியது. அவள் மனசு இன்னும் ஒன்றிரண்டு பக்கம் ஓடிப் பார்த்தது, ஓடுவதற்கு இடம் இல்லாமல் நின்றது. துவைக்கிற கல் மேல் உட்கார்ந்தாள். பாதி ஆட்டிய உளுந்து கிரைண்டரில் சுற்றிக்கொண்டே கிடந்தது.

மத்தியானம் மாவு போடுகிற வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தாள். பாலகோபால் என்ற தோட்டக்காரர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆயிரத்து இருநூறு அடியிலிருந்து தூக்கிய மோட்டார் அவர் காலடியில் சேறும் துருவுமாகக் கிடந்தது. மாட்டுக்குக் குடிதண்ணி இல்லைங்க, அண்ணனைக் கொஞ்சம் சுருக்கா முடிக்கச் சொல்லுங்க, பின்னால வார்னிஷ் போட்டுட்டு இருக்காருங்க என்றார்.

பின்னால் தகரச் சாய்ப்பு. ஞானமுத்து வார்னிஷ் தட்டுக்கு அப்பால், சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தார். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. தலைக்கு மேல் வெள்ளையாக ஒரு மேகம் எழும்பியதும் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. அவர் திரும்பினார். கையில் இருந்தது நீலம் இல்லை, ரோஸ் நிறம். இது மகனுடையது இல்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது. அவர் கையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

"எத்தனை நாளாங்க?" என்றாள்.

"அன்னைக்கு நசுக்கறதுக்குத்தான் வைஸ்ல வெச்சேன் அற்புதம்." அவர் எழுந்திருக்கவில்லை. "பையன் இதுல என்னத்தக் கண்டான்னு பாக்கலாம்னு ஒரே ஒரு இழுப்பு. நமக்குத்தான் உட்டுப்போச்சே, என்ன ஆயிருங்கற தைரியம். ஒம்பது வருசம் இருக்குதல்ல, அது இருந்த தடமே தெரியாமப் போயிருச்சு."

"இது?"

"அது தீந்துபோச்சு. மனோஜ்குமார்ங்கற பையன வையறதுக்குன்னு சரவணம்பட்டிக்குப் போனேன். வையத்தான் போனேன். வைஞ்சுபோட்டு..."

"வைஞ்சுபோட்டு அவங்கிட்டயே வாங்கிட்டு வந்தீங்க."

அவர் செம்புக் கம்பியின் நுனியை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"கிறிஸ்டோவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும். அந்தப் பையன் சொல்லாம இருப்பானா?"

"தெரிஞ்சேதான் எங்கிட்ட அத்தனை பேச்சும் வாங்குனானா? நீங்க வண்டி தொடச்சுட்டு நின்னீங்க. காதுல உழுந்துதா இல்லையா?"

"உழுந்துது" என்றார் ஞானமுத்து. "ஞாயித்துக்கெழமை அந்தச் சனத்து மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்னுதான் யோசிச்சேன். அவன் மூஞ்சிய யோசிக்கல" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. மோட்டாருக்கு ஆள் காத்திருக்கிறார், வேலையை முடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே கணபதிக்குப் போகிற சத்தி ரோட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

கரோலின் டூட்டிக்குப் போயிருந்தாள். கிறிஸ்டோ கதவைத் திறந்தான். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தான். இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று கேட்டாள். கிடைக்கவில்லை என்றான். நடுவில் இங்கிலீஷ் வராதபோது தமிழிலேயே சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டானாம், அவர்கள் சரி என்றார்களாம். கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் இழுக்காமல் உள்ளே போனேன் என்றான்.

அற்புதம் கடையில் பார்த்ததைச் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை.

"ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாங்மா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. சனிக்கிழமை காலையில் அவன் பாதி சொன்னதற்கே தான் என்ன பதில் சொன்னோம் என்பது அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது.

"மாட்டேன்" என்றாள்.

அவன் தலையாட்டினான். "நான் உங்க மேல கோவத்துல வரலீங்மா. அப்பா பாத்ரூமுல இருந்து வந்தப்பறம் நான் உள்ள போவேன். அந்த வாசம் அப்படியே நிக்கும். கதவைச் சாத்திட்டு அதையே இழுத்து இழுத்து மோந்துட்டு நிப்பேன். இன்னும் பத்து நாள் அங்க இருந்திருந்தா அவரு எங்க வெச்சிருக்காருன்னு தேடி எடுத்திருப்பனுங்."

அவள் இறங்கித் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், சந்தவை செய்து தரட்டுமா என்று கேட்டாள். இந்த வீட்டில் அச்சு இல்லை என்றான் அவன். வீட்டுக்கு வரச் சொன்னாள். அப்பா வந்து தன்னிடம் சொல்லட்டும், நீங்கள் சொல்லிக் கூட்டிவர வேண்டாம், அவராக வரட்டும் என்றான்.

வீட்டுக்குப் போனதும் அவள் அதை ஒரே ஒரு தடவை புருசனிடம் சொன்னாள். அதற்கு மேல் பேசவில்லை. புதன்கிழமை முழுக்க வீட்டில் கிரைண்டர் சத்தம் மட்டும்தான். வியாழக்கிழமை நாலு மணிக்கு ஞானமுத்து கடையைச் சாத்திவிட்டு வந்து, கிளம்பு என்றார்.

கரோலின் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாட்சி சொல்லும்போது அருவி மாதிரி வருகிற பேச்சு அன்றைக்கு வரவில்லை. "உன்றகிட்ட வாங்குனதை நாந்தான் புடிச்சேன் சாமி. உங்கம்மா உன்னை வைஞ்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சு சும்மா இருந்தேன்" என்று ஹெல்மெட்டைப் பார்த்துச் சொன்னார். கரோலின் காபி வைக்கிற சாக்கில் உள்ளே போனாள்.

"உனக்கு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார் ஞானமுத்து.

"இருபத்தஞ்சு நாளுங்ப்பா."

"நான் நேத்து ஒரு நாள் இழுக்காமத் தாட்டுனேன். இன்னைக்குக் காத்தால முடியில." அவர் நிமிர்ந்தார். "நெஞ்சுவலிக்குப் பயந்து அன்னைக்கு உட்டேன். இப்ப பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்படித்தான் தாட்டற?"

கிறிஸ்டோ யோசித்துப் பதில் சொன்னான். "மூணு மணி வாக்குல எனக்கு ஒரு தடவை வருமுங்ப்பா. நெஞ்சைப் பிராண்டற மாதிரி. பத்து நிமிசம்தான். அது போயிருமுன்னு தெரிஞ்சுட்டா பரவால்ல. மொதல்ல தெரியாது, நாளெல்லாம் இப்படியே இருக்கப்போகுதுன்னு பயமா இருக்கும். அந்தப் பத்து நிமிசம் யாருகிட்டயாச்சும் பேசிட்டு இருந்தாப் போதும். எனக்கு அக்கா போன் பண்ணுவா."

"எனக்கு யாரு பண்ணுவா?" என்றார் ஞானமுத்து.

அந்த வாரக் கடைசியில் கிறிஸ்டோ வீட்டுக்கு வந்தான். ஞானமுத்து சபைக் கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். ஆயரிடம் காரணம் சொன்னாரா, உடம்பு சரியில்லை என்று சொன்னாரா என்பது அற்புதத்துக்குத் தெரியாது. அந்த ரோஸ் நிற வேப்பை வைஸில் வைத்து நசுக்கிவிட்டேன் என்றார். அவள் பார்க்கவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் கம்பிச் சுருள்களுக்குப் பின்னாலும் வார்னிஷ் டப்பாக்களுக்கு நடுவிலும் அவள் கண் போய்வந்தது. அவர் அதைக் கவனித்தார்.

ஆவணி நடுவில் ஒருநாள், சோறு கொண்டுபோனவள் கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காற்று ஓய்ந்து வெயில் காய்ந்தது. ஞானமுத்து மோட்டாரின் ஸ்டேட்டர் கூட்டுக்குள் கம்பியை ஒவ்வொரு சுற்றாக இறக்கிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தப்பாமல் இருக்க உதடு அசைந்துகொண்டே இருந்தது. மூணு மணிக்கு அவர் கை நின்றது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. உதடு அசைவதும் நின்றது. அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அடித்தது. கிறிஸ்டோவின் நம்பர்.

"சொல்லு சாமி" என்றபடி எழுந்து பின்பக்கச் சாய்ப்புக்குப் போனார். தகரக் கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது.

முதலில் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அற்புதம் எழுந்தாள். நாலடி நடந்து கதவில் கை வைத்தாள். உள்ளே பேசுகிறாரா, பேசுவது போல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்கிறாரா, தள்ளினால் தெரிந்துவிடும். கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

கையை எடுத்தாள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் பாதியில் விட்டுப்போன கம்பி தளர்ந்து அவிழ ஆரம்பித்திருந்தது. அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, அவர் வரும் வரைக்கும் அப்படியே இருந்தாள்.